பியூஸ் யாரைக் காக்கிறது?

மழை ஈரம் ஏறிய நாட்களில் குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏதோ கடித்தாற்போல் இருக்கிறது. "செருப்புப் போட்டுக்கொண்டு திற, ஒன்றும் செய்யாது" என்கிறார்கள் வீட்டார். மின்சார வேலை தெரிந்தவர் என்று தெருவில் பெயரெடுத்த ஒருவர் வந்து மெயின் போர்டைத் திறந்து பார்க்கிறார். "பியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு இருந்தால் அது போயிருக்குமே" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போகிறார். எல்லோருக்கும் திருப்தி.

இந்தப் பதில் சரிதானா? பியூஸ் என்பது எதைக் காப்பதற்காக வைக்கப்பட்டது? பழைய வீட்டின் மின்னமைப்பைப் புதுப்பிக்க நினைக்கிறவர்கள் வேறு எதைக் கேட்காவிட்டாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விடை காணப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. பள்ளியில் படித்த ஓம் விதியும், பெருக்கல் வகுத்தலும் போதும்.

வீடு அதே வீடு, பளு வேறு

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே அர்ச்சுனா நதியின் குறுக்கே ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. அருகிலுள்ள ஊரின் பெயரே அதற்கும் பெயர்: ஆனைக்குட்டம். சுற்றிலும் கரிசல் காடு. அவ்வூரில் என் தாய்மாமன் குடியிருக்கும் வீட்டை இக்கட்டுரைக்கு எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அது தனிச் சிறப்புள்ள வீடு அன்று. அந்த வட்டாரத்தில் அதைப்போல் எத்தனையோ வீடுகள் உள்ளன, அதனால்தான் எடுத்துக்காட்டாகிறது.

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியது. 1957இல் மின்சார வாரியம் அமைந்த பிறகு ஊர் ஊராகக் கம்பங்கள் நடப்பட்டன. மாமன் வீட்டுக்கு இணைப்பு வந்தது அறுபதுகளின் கடைசியில். சுவரில் தேக்கு ரீப்பர் அடித்து, அதன்மேல் ரப்பர் உறையிட்ட கம்பியைத் தகரக் கிளிப்புகளால் பிடித்துச் சென்றிருக்கிறார்கள். வளைவுகள் அளவெடுத்தாற்போல் இருக்கும். அந்தக் காலத்துக் கைவேலையின் நேர்த்தியை இன்றைக்கும் நின்று பார்க்கலாம்.

அந்த நேர்த்தியான வேலை எதற்காகச் செய்யப்பட்டது என்பதுதான் கேள்வி. 40 வாட் குண்டு பல்பு நான்கு, மின்விசிறி ஒன்று, வால்வு ரேடியோ ஒன்று. எல்லாம் சேர்ந்து எரிந்தாலும் 275 வாட்டுக்கு மேல் போகாது. 230 வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம் 1.2 ஆம்பியர்.

இன்று அதே வீட்டில் 2,000 வாட் இண்டக்சன் அடுப்பும் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் காலை வேளைகள் உண்டு. இரண்டுக்கும் மட்டும் 13 ஆம்பியர். மிக்சி, கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றை இதில் சேர்க்கவே இல்லை. மேல்மாடி அறைக்கு ஏ.சி. வாங்குவதற்குப் பேரன் நெருக்குகிறான். பல்புகள் எல்.இ.டி.யாக மாறியதில் நூறு நூற்றைம்பது வாட் மிச்சமானது உண்மை. ஆனால் அது சமையலறையிலேயே செலவாகிவிட்டது.

கம்பிக்குள் பிறக்கும் சூடு

மின்னோட்டத்தின் இருமடியைக் கம்பியின் மின்தடையால் பெருக்கினால், அதில் உண்டாகும் வெப்பம் வாட் கணக்கில் கிடைக்கும். ஜூல் 1841இல் வெளியிட்ட விதி இது. 'இருமடி' என்ற சொல்லை வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். மின்னோட்டம் 1.2 ஆம்பியரிலிருந்து 13 ஆம்பியராக உயரும்போது அது பதினொரு மடங்குதான் பெருகுகிறது. வெப்பமோ 117 மடங்காகிவிடுகிறது!

பழைய கம்பிகளுக்கு 3/22, 1/18 என்று பெயர் சொல்வார்கள். 3/22 என்றால் 22ஆம் கேஜ் கம்பி மூன்று இழை. தாமிரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 1.2 சதுர மில்லிமீட்டர். மெயின் போர்டிலிருந்து சமையலறைக்கு 15 மீட்டர் என்று கொண்டால், போக வர 30 மீட்டர்க் கம்பி. அதன் மின்தடை 0.43 ஓம். அதில் 13 ஆம்பியர் சென்றால் 73 வாட் வெப்பம் உண்டாகும்.

73 வாட் என்றதும் பயந்துவிட வேண்டாம். அது 30 மீட்டர் நீளத்தில் பரவி நிற்கிறது. மீட்டருக்கு இரண்டரை வாட்டுக்கும் குறைவு. கம்பி வெதுவெதுப்பாகும். வெளிச்சூடு எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். இன்றைய பி.வி.சி. உறைக்கு எல்லை 70 டிகிரி செல்சியஸ். காற்று 40 டிகிரியில் இருந்தால் கம்பி சூடேற 30 டிகிரி இடைவெளி உண்டு. சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரைக்கு அடியில் 50 டிகிரி ஆகிவிட்டால் இடைவெளி 20ஆகச் சுருங்கும். அதே கம்பி இப்போது தன் வழக்கமான மின்னோட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கைத்தான் பாதுகாப்பாகச் சுமக்கும். ஊட்டியில் போட்ட கம்பியும் விருதுநகரில் போட்ட கம்பியும் கடையில் ஒரே சுருளிலிருந்து வெட்டியவையாக இருக்கலாம். வேலை செய்யும் திறன் ஒன்றன்று.

பழைய ரப்பர் உறையின் கதை வேறு. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள். சிவகாசிப் பக்கத்தாருக்குக் கந்தகத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அது தாமிரத்தை அரிக்கும். அதனால் அக்காலக் கம்பிகளுக்கு ஈயம் பூசியதைப் போன்ற வெள்ளைப் பூச்சு இருக்கும், அது வெள்ளீயம். காலப்போக்கில் காற்றிலுள்ள ஆக்சிஜனும் வெப்பமும் சேர்ந்து ரப்பரை இறுகச் செய்துவிடுகின்றன. சுவரில் அசையாமல் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. சுவிட்சை மாற்றுவதற்காகக் கம்பியை ஒருமுறை வளைத்தால் உறை பொரிவிளங்காய் உருண்டை மாதிரி உதிரும். பழைய வீட்டில் ஒரே ஒரு சுவிட்சை மாற்றப் போய் மூன்று நாள் வேலையானது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காரணம் இதுதான்.

புளியங்கொட்டை அளவு நெருப்பு

கம்பியின் நெடுகிலும் பரவிய 73 வாட்டைவிட ஆபத்தானது இணைப்பில் பிறக்கும் 17 வாட். அது எப்படி?

பழைய சாக்கெட்டின் பித்தளைப் பிடி தளர்ந்திருக்கிறது, அல்லது இரண்டு கம்பிகளை முறுக்கி டேப் சுற்றிய முடிச்சு நெகிழ்ந்திருக்கிறது என்று கொள்வோம். அந்த இடத்தில் மின்தடை 0.1 ஓம் ஆகிவிட்டால், 13 ஆம்பியருக்கு அங்கே உண்டாகும் வெப்பம் 17 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் கையிலிருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட். அது ஈயத்தை உருக்குகிறது. அதில் பெரும்பங்கு சூடு, புளியங்கொட்டை அளவுள்ள ஓர் இடத்தில், மர ரீப்பருக்கும் நைந்த துணி டேப்புக்கும் நடுவே ஒவ்வொரு நாள் காலையிலும் உண்டாகிறது. சூட்டினால் இணைப்பு விரிகிறது, ஆறினால் சுருங்குகிறது, மேலும் நெகிழ்கிறது, மின்தடை இன்னும் கூடுகிறது. மரம் முதலில் பழுப்பேறும். பிறகு கரியாகும். கரியான மரம் முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும்.

அலுமினியக் கம்பி போட்ட வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம். தாமிரத்துக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் நம் நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அலுமினியக் கம்பியே போடப்பட்டது. அதன் தடை தாமிரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். கனமான கம்பி போட்டு அதைச் சரிக்கட்டலாம். சரிக்கட்ட முடியாதவை மூன்று: காற்றுப் பட்டதும் அதன்மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது, திருகுக்கு அடியில் அது மெல்ல மெல்ல நசுங்கி விலகும், சூட்டில் பித்தளையைக் காட்டிலும் அதிகமாக விரியும். மூன்றும் இணைப்பையே குறிவைக்கின்றன.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். இந்தப் புளியங்கொட்டை நெருப்பைப் பியூஸ் தடுக்குமா? தடுக்காது. பியூசுக்குத் தெரிவது மின்னோட்டத்தின் அளவு மட்டுமே. 15 ஆம்பியர் பியூசைப் பொறுத்தவரை 13 ஆம்பியர் ஒழுங்கான அளவுதான். அந்த 13 ஆம்பியர் போகும் வழியில் ஓர் இணைப்பு கருகிக்கொண்டிருப்பதை அது அறியாது. நவீனமான எம்.சி.பி.யும் அறியாது. பழைய இணைப்புகளைக் கழற்றிப் பார்த்துப் புதிதாக்குவதற்கு மாற்றாக எந்தக் கருவியும் இல்லை.

பியூஸ் செய்யும் வேலை

பியூசின் வேலை கம்பியைக் காப்பது. கம்பி தாங்கும் அளவைத் தாண்டி மின்னோட்டம் பாயும்போது, சுவருக்குள் இருக்கும் கம்பி கெடுவதற்கு முன் தான் உருகி வழிவிடுவது. அதற்காகவே அது மெல்லியதாக வைக்கப்பட்டது. வெள்ளீயம் பூசிய தாமிரக் கம்பி 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ளதென்றால் 5 ஆம்பியருக்கும், 0.5 மில்லிமீட்டர் என்றால் 15 ஆம்பியருக்கும் பயன்படும்.

எந்தத் தடிமனுள்ள கம்பி எத்தனை ஆம்பியரில் உருகும் என்று 1880களில் இங்கிலாந்தின் அஞ்சல் துறைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் சோதித்துப் பார்த்து ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி 0.5 மில்லிமீட்டர்த் தாமிரம் 28 ஆம்பியர் அளவில் உருகும். மாமன் வீட்டுப் பீங்கான் பியூசைக் கழற்றியபோது உள்ளே இருந்தது 18ஆம் கேஜ் கம்பி. விட்டம் 1.2 மில்லிமீட்டர். பிரீசின் சூத்திரத்தில் போட்டால், அது உருக நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். வீட்டுக்குள் ஓடும் கம்பியும் ஏறத்தாழ அதே தடிமன். காவல்காரனையும் வீட்டுக்காரனையும் ஒரே கயிற்றில் கட்டிப்போட்டாற்போல் ஆயிற்று.

"அடிக்கடி போய்க்கொண்டிருந்தது மருமகனே, அதுதான் கொஞ்சம் கெட்டியாகப் போட்டுவிட்டோம்" என்றார் மாமா. எல்லா வீட்டிலும் சொல்லப்படும் காரணம்தான். எம்.சி.பி.யின் பெரிய நன்மை, அதற்குள் யாரும் கம்பியைச் 'கெட்டியாக'ப் போட முடியாது என்பதே! அதற்குள் ஈருலோகத் தகடு ஒன்றும் கம்பிச்சுருள் ஒன்றும் உள்ளன. பளு மெதுவாக மிகும்போது தகடு சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். இரு கம்பிகள் தொட்டுக்கொண்டு மின்னோட்டம் திடீரென்று பெருகினால் சுருள் காந்தமாகி நொடியின் நூற்றில் ஒரு பங்கு அளவில் துண்டிக்கும்.

இங்கே ஒரு கிளைச் செய்தி. பழைய மெயின் போர்டுகளில் பீங்கான் பியூஸ் இரண்டு இருக்கும்: பேசுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று. நியூட்ரல் பியூஸ் போய்விட்டால் வீடு இருண்டுவிடும். ஆனால் கம்பிகளில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். 'கரண்டு இல்லை' என்று நம்பிக் கைவைக்கிறவருக்கு இதைவிடப் பெரிய பொறி வேறில்லை. நியூட்ரலில் தனியாகப் பியூஸ் வைக்கக் கூடாதென்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லிவிட்டன. வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் அது முதலில் போக வேண்டிய பொருள்.

கரிசல் மண்ணின் கணக்கு

இப்போது குளிர்பதனப் பெட்டிக்குத் திரும்புவோம். அதன் உள்ளே பேஸ் கம்பியின் உறை நைந்து இரும்புக் கூட்டில் பட்டுவிட்டது என்று கொள்வோம். மூன்றாவது முள் வழியாக எர்த் கம்பி சென்று, வீட்டுக் கொல்லையில் மண்ணுக்குள் இறங்குகிறது. மின்னோட்டம் அவ்வழியே பாய்ந்து பியூசை உருக்கிவிடும் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். உருக்குமா? கணக்குப் போடுவோம்.

இரண்டரை மீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை மண்ணில் இறக்கினால், அதன் எர்த் தடை மண்ணின் மின்தடைமையில் மூன்றில் ஒரு பங்காகும். மண்ணின் மின்தடைமை 30 ஓம்-மீட்டர் என்றால் எர்த் தடை 10 ஓம். 100 என்றால் 33 ஓம். 300 என்றால் 100 ஓம். கரிசல் மண் ஈரமாக இருக்கும்போது மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். கோடையில்தான் சங்கடம். களிமண் சுருங்கிக் கை நுழையும் அளவு வெடிப்பு விடும். குழாயைச் சுற்றியுள்ள மண் குழாயை விட்டு விலகி நிற்கும். இரும்புக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று வந்துவிட்டால் அங்கே கடத்தலே இல்லை.

நடுத்தரமான 33 ஓமையே எடுத்துக்கொள்வோம். தெருமுனை மின்மாற்றியின் எர்த் தடை 3 ஓம் என்று வைத்தால் மொத்தம் 36 ஓம். 230ஐ 36ஆல் வகுத்தால் 6.4 ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் இதைக் கண்டு அசையாது. 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் அசையாது. குளிர்பதனப் பெட்டியின் கூட்டிலே நிற்கும் மின்னழுத்தம் 6.4ஐ 33ஆல் பெருக்கிய 211 வோல்ட்! எர்த் இருந்தும், பியூஸ் ஒழுங்காக இருந்தும், பெட்டியின் கைப்பிடி பேஸ் கம்பிக்குச் சமமாகிவிட்டது. கொல்லை மண்ணைச் சூடாக்கிக்கொண்டு மீட்டர் ஓடும்.

ஆகவே, "கோளாறு இருந்தால் பியூஸ் போயிருக்குமே" என்ற பதில் தவறு. நல்ல பியூஸ் கம்பியைக் காக்கும். கைப்பிடியைத் தொடும் ஆளைக் காக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வேடிக்கை என்று சொல்லக் கூடாது. முன்பு பலர் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டினார்கள். இரும்புக் குழாய் தெருவெல்லாம் மண்ணுக்குள் ஓடியதால் அது ஓரளவு நல்ல எர்த்தாகவே இருந்தது. பின்னால் வெளிக்குழாய் பி.வி.சி.யாக மாறியது. எர்த் கம்பி கட்டியபடியே இருக்கிறது. ஆனால் அது இப்போது மண்ணுக்குப் போகவில்லை. வீட்டுக்குள் மிஞ்சிய இரும்புக் குழாய் வழியாகக் குளியலறைத் திருகுக்குப் போகிறது. குளிர்பதனப் பெட்டியின் கோளாறு குளிக்கிறவரைத் தேடி வருகிறது.

எர்த் குழியில் கரியும் உப்பும் போடுவதேன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. குழாயிலிருந்து மின்னோட்டம் சுற்றிலும் பரவும்போது, குழாயை ஒட்டிய மண்ணடுக்கு மிகக் குறுகலானது. அதனால் தடையின் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது. ஓர் அடி விட்டமுள்ள குழியில் நன்கு கடத்தும் பொருளை நிரப்பிவிட்டால், மொத்தத் தடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. தோட்டம் முழுவதையும் நனைக்க வேண்டியதில்லை. அந்த ஓரடியை ஈரமாக வைத்தால் போதும். உப்பு இரும்பை அரிக்கும் என்பதும் உண்மை. இப்போது பெண்டோனைட் களிமண் சேர்ந்த கலவைகள் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், குழாய் நீடிக்கும்.

ஆளைக் காக்கும் கருவி

மனிதன் தாங்கக்கூடிய மின்னோட்டம் எவ்வளவு? அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் மனமுவந்து முன்வந்த பலரை வைத்து இதை அளந்தார். பிடித்த மின்கம்பியைத் தானாகவே விட்டுவிட ஆண்களால் முடிந்த எல்லை, சராசரியாக 16 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் போனால் கைத்தசை இறுகிக்கொள்ளும். 'கரண்டு இழுக்கிறது' என்று நாம் சொல்வது இதைத்தான். மின்சாரம் யாரையும் இழுப்பதில்லை, நம் தசையே நம்மைப் பிடித்துக்கொள்கிறது. 15 ஆம்பியர் பியூசையும் 16 மில்லி ஆம்பியரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேறுபாடு.

ஆர்.சி.சி.பி. என்ற கருவி இந்த இடைவெளியை நிரப்புகிறது. பழைய பழக்கத்தில் இதையும் ஈ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள். அதன் உட்புறம் எளிமையானது. ஒரு காந்த வளையத்தின் நடுவே பேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் சேர்ந்து செல்கின்றன. போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வந்தால் இரண்டின் காந்தப் புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். போனதில் ஒரு பங்கு குளிர்பதனப் பெட்டியின் கூடு வழியாகவோ ஆளின் உடல் வழியாகவோ மண்ணுக்குள் போய்விட்டால், திரும்பி வருவது குறையும். வளையத்தில் மிச்சக் காந்தப் புலம் தோன்றி, அதில் சுற்றிய சிறு கம்பிச்சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். அது விசையைத் தட்டிவிடும். கடைக்காரர் கொடுத்தனுப்பிய பணமும் வீடு வந்து சேர்ந்த பணமும் பொருந்துகிறதா என்று பார்ப்பது போன்ற கணக்கு. இரண்டும் 30 மில்லி ஆம்பியர் பொருந்தாவிட்டால் கதவை அடைத்துவிடும்.

முன்பு போட்ட கணக்கில் இதை வைத்துப் பார்ப்போம். எர்த் தடை 33 ஓம் என்றால் கசிவு 6.4 ஆம்பியர், கருவிக்குத் தேவையானதைப்போல் இருநூறு மடங்கு. கோடையில் மண் வெடித்து எர்த் தடை 1,000 ஓம் ஆகிவிட்டாலும் 0.23 ஆம்பியர் ஓடும். அதுவும் தேவையைப்போல் ஏழு மடங்குக்கு மேல். யாரும் கைப்பிடியைத் தொடுவதற்கு முன்பே இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். கரிசல் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

எர்த் அடியோடு இல்லாவிட்டால்? அப்போது கோளாறு முன்கூட்டித் தெரியாது. ஓர் ஆள் தொட்டால்தான் கசிவு தொடங்கும். உடலின் தடை 1,500 ஓம் என்றால் 150 மில்லி ஆம்பியர் பாயும். அந்த அளவில் கருவி 0.04 நொடிக்குள் துண்டிக்க வேண்டுமென்பது தர விதி. ஓர் இதயத் துடிப்புக்கு ஆகும் நேரத்தில் இது இருபதில் ஒரு பங்கு. அதிர்ச்சி தெரியும், ஆள் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். இருந்தாலும் கோளாற்றைக் கண்டுபிடிக்கும் வேலையை வீட்டு மனிதர்களின் கைக்கு விடுவது நல்லதன்று. எர்த்தும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும்.

ஒருவர் ஒரு கையால் பேசையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் இந்தக் கருவிக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். போனது திரும்பி வந்துவிடுகிறதல்லவா? அளவுக்கு மீறிய பளுவையும் இது கவனிக்காது. அது எம்.சி.பி.யின் வேலை.

மாட்டியதும் கழற்றுவது

பழைய வீடுகளில் ஆர்.சி.சி.பி. மாட்டிய மறுநாளே கழற்றப்படுவதுண்டு. "சும்மா சும்மா விழுகிறது, தரமில்லாத சரக்கு" என்பார்கள். மாமன் வீட்டிலும் மாட்டிய அன்று மாலைக்குள் ஆறு முறை விழுந்தது. சரக்கில் குறையில்லை, வீட்டில்தான் குறைகள் இருந்தன. மேல் அறை மின்விசிறியின் நியூட்ரல் எப்போதோ அறுந்திருக்கிறது. யாரோ ஒருவர் எர்த் கம்பியையே நியூட்ரலாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். விசிறி பல ஆண்டுகளாக நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மின்னோட்டம் முழுவதும் கொல்லை மண் வழியே திரும்பிக்கொண்டிருந்தது. பழைய ஏற்பாட்டில் இது யாருக்கும் தெரியவில்லை. ஆர்.சி.சி.பி. முதல் நாளே சொல்லிவிட்டது.

இன்வெர்ட்டரின் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் கலந்திருப்பது மற்றொரு வழக்கமான காரணம். ஈரமேறிய பழைய ரப்பர்க் கம்பி மூன்றாவது. இதை மெகர் என்னும் கருவியால் 500 வோல்ட் கொடுத்து அளக்கலாம். கம்பியின் காப்புத் தடை 10 லட்சம் ஓமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அது 10,000 ஓமுக்கு இறங்கிவிட்டால் 23 மில்லி ஆம்பியர் ஓயாமல் கசியும், ஆர்.சி.சி.பி. பெரும்பாலும் தாங்காது. எந்த வழியில் கசிவு என்று காண, எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பது எளிய வழி. நியூட்ரலும் எர்த்தும் கலந்த கோளாறு இந்தச் சோதனைக்கு அகப்படாமல் போகலாம்; அதற்கு நியூட்ரலையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். இது உரிமம் பெற்ற மின் கம்பியாள் செய்ய வேண்டிய வேலை. வீட்டார் மெயினை அணைத்துவிட்டு விளக்குப் பிடித்தால் போதும்.

எதை முதலில் செய்வது

வீடு முழுவதையும் ஒரே மூச்சில் புதுப்பிக்கக் கையில் பணம் இருந்தால் நல்லது. பெரும்பாலான வீடுகளில் இருக்காது. அப்போது பலரும் கண்ணுக்குத் தெரிவதை மாற்றுகிறார்கள்: பளபளப்பான சுவிட்சுப் பலகை முதலில், கொல்லையில் புதையும் எர்த் கடைசியில். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன்.

முதல் செலவு எர்த் குழியும், அங்கிருந்து மெயின் போர்டுக்கு வரும் கம்பியும், ஆர்.சி.சி.பி.யும். இரண்டாவது, பழைய பீங்கான் பியூசுகளுக்கு மாற்றாக எம்.சி.பி. பெட்டி. மூன்றாவது, பளு மிகுந்த கருவிகளுக்குப் போர்டிலிருந்து நேராகத் தனிக் கம்பி. சாதாரணச் சாக்கெட்டுகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர்த் தாமிரமும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும், ஏ.சி., வாட்டர் ஹீட்டர் போன்றவற்றுக்கு 4 சதுர மில்லிமீட்டரும் வழக்கமான அளவுகள். எம்.சி.பி.யின் எண் எப்போதும் கம்பியின் திறனுக்குள் அடங்க வேண்டும். இண்டக்சன் அடுப்பு நிற்கவில்லை என்று எம்.சி.பி.யை மட்டும் 32க்கு மாற்றுவது, 18ஆம் கேஜ் கம்பியைப் பியூசில் செருகிய பழைய கதைதான். விளக்குக் கம்பிகள் காத்திருக்கலாம். எல்.இ.டி. பல்புகளால் அவற்றின் பளு குறைந்துவிட்டது. ரப்பர் உறை உதிராதவரை அவற்றுக்கு அவசரமில்லை. ஏ.சி. வாங்குவதற்கு முன் மின்வாரிய அலுவலகத்தில் வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட பளு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய இரண்டு முள் சாக்கெட்டுகளுக்கு எர்த் கம்பி இழுக்காமல், முகப்பை மட்டும் மூன்று துளையாக மாற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மூன்றாவது துளை வெறும் துளை. அதைவிட இரண்டு துளையாகவே விட்டுவைப்பது நேர்மை. மூன்றாவது முள் மற்றவற்றைக் காட்டிலும் நீளமாக இருப்பதன் நோக்கமே, செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதுதான்.

ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் சிறு பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் செயற்கையாக ஒரு கசிவை உண்டாக்கிக் கருவி விழுகிறதா என்று காட்டும். மாதத் தாளைக் கிழிக்கும் நாளன்று ஒருமுறை அழுத்துவது என்று மாமன் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலண்டரும் அதற்கு நேர் கீழேதான் தொங்குகிறது. விழாவிட்டால் கருவியை மாற்றிவிட வேண்டும். அந்தப் பொத்தான் கருவியைத்தான் சோதிக்கும். எர்த் குழியைச் சோதிக்காது. குழிக்குத் தனியே எர்த் டெஸ்டர் வைத்து அளக்க வேண்டும். ஐப்பசி மழையில் அளந்தால் எல்லாக் குழியும் நல்ல குழியாகவே தெரியும். மண் வெடித்துக் கிடக்கும் சித்திரை, வைகாசியில் அளப்பதே சரி.